அந்தப் படிவத்தில் நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம்: பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தாளாளர், தலைமை ஆசிரியர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையும் அதோடு இணைத்திருந்த ஒப்புதல் படிவமும் என் முன்னால் இருக்கின்றன. 'கட்டுக்கடங்காத மாணவர்கள்' என்று பள்ளி குறித்திருக்கும் பிள்ளைகளை, நீங்கள் சொல்லும் உறைவிட ஒழுக்கப் பயிற்சி முகாமுக்குப் பெற்றோர் அனுப்பியாக வேண்டும். மறுத்தால் டிசி வாங்கிக்கொண்டு போகலாம் என்பது அதன் சுருக்கம். முகாமில் இருக்கும் காலம் முழுக்கப் பெற்றோர் பிள்ளையைப் பார்க்கக் கூடாது, போனில் பேசக் கூடாது, பிள்ளை என்ன சொல்லி அழுதாலும் பாதியில் அழைத்துவரக் கூடாது என்று படிவத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். இதற்கு நீங்கள் கொடுத்திருக்கும் தலைப்பு 'கண்டிப்பான அன்பு'.

அந்தப் பட்டியலில் என் மகனும் இருக்கிறான். நானும் அவன் அப்பாவும் கையெழுத்துப் போடப் போவதில்லை. இதை உங்கள் அறையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பொதுவில் எழுதுவது பட்டியலில் உள்ள மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்காகவும்தான். இப்படிப்பட்ட பிள்ளையை வைத்திருப்பவர்கள் வெளியே வாய் திறப்பதில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொள்வோம். சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று ஜன்னலைச் சாத்துவோம். அந்தக் கூச்சத்தில்தான், பெரிய இடத்திலிருந்து யார் எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அவர்கள் இதையும் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

என் மகன் செய்ததை மூடி மறைக்க நான் வரவில்லை. 13 வயதில் ஆரம்பித்தது. முதலில் அலமாரியில் இருந்த பணம் காணாமல் போனது, அப்புறம் அவன் சித்தப்பாவின் பையிலிருந்து போனது. இரவில் சொல்லாமல் கிளம்பிப் போவான், விடியும்போது வருவான். எங்கே போனாய் என்று கேட்டால் வீடே அதிரும். போனை வாங்கி வைத்ததற்குக் கதவை உதைத்துப் பிளந்தான். அவன் தள்ளிவிட்டதில் தங்கையின் நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தது. வகுப்பில் ஆசிரியரை என்ன வார்த்தை சொன்னான் என்பது உங்களுக்கே தெரியும். அந்த ஆசிரியர் முன்னால் தலைகுனிந்து நின்றவள் நான். சொந்த வீட்டில், பெற்ற மகனுக்குப் பயந்து, மகளைப் பக்கத்தில் படுக்கவைத்து உள்தாழ்ப்பாள் போட்டுத் தூங்கியிருக்கிறேன். ஆகவே பிள்ளைப் பாசத்தில் கண்மூடிப் பேசுகிறாள் என்று சொல்லி இந்த மடலை ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

கண்டிப்பு வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறுபாடே இல்லை. இப்படித் தடுமாறும் பிள்ளைக்கு வரம்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. என் கேள்வி, அந்த வரம்பை யார் காப்பது என்பதுதான். அவன் கத்தும்போதும் எதிரில் நிற்கிறவர், மறுநாள் காலையிலும் அதே இடத்தில் இருக்கிறவர் சொன்னால்தான் அது அவனுக்குள் இறங்கும். நீங்கள் கேட்பது, எங்கள் பிள்ளையை முன்பின் தெரியாதவர்களிடம் ஒப்படைத்துவிட்டு எங்கள் காதைப் பொத்திக்கொள்ளும்படி. அதற்குள் அன்பும் இல்லை, நான் அறிந்த கண்டிப்பும் இல்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு முகாமின் பொறுப்பாளரை அழைத்திருந்தீர்கள். "அடியாத மாடு படியாது" என்று தொடங்கினார். அம்மா முகம் தெரியாமல் கொஞ்ச நாள் இருந்தால் அம்மாவின் அருமை தெரியும் என்றார். பிள்ளையின் கண்ணீர் என்பது பெற்றோரை ஏமாற்றும் தந்திரம், அதற்கு இளகக் கூடாது என்றார். அரங்கில் கைதட்டினார்கள். தட்டியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. களைத்துப்போன பெற்றோருக்கு யாராவது ஒருவர் 'இதோடு தீர்ந்தது' என்று சொல்லமாட்டாரா என்றிருக்கும். ஆனால் 'இது உலகம் முழுக்க நிரூபிக்கப்பட்ட முறை' என்று அவர் சொன்னாரே, அதை நான் அப்படியே விடவில்லை. உலகத்தில் என்னதான் நிரூபித்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

1970களில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு திட்டம் வந்தது. தப்பான வழியில் இறங்கிய பதின்வயதுப் பிள்ளைகளைச் சிறைக்குள் கூட்டிப்போய், ஆயுள் தண்டனைக் கைதிகளை விட்டு அவர்கள் முகத்துக்கு நேரே கத்தவைத்து, மிரட்டித் திருத்துவது. 1978இல் அது ஆவணப்படமாகி நாடெங்கும் பேசப்பட்டது. பார்த்தவர்கள் இதுதான் மருந்து என்று நம்பினார்கள். மற்ற மாநிலங்களும் பின்பற்றின. அப்புறம் ஆய்வாளர்கள், இப்படி மிரட்டப்பட்ட பிள்ளைகளையும் அதே போன்ற, ஆனால் அங்கே அனுப்பப்படாத பிள்ளைகளையும் ஒப்பிட்டு நடந்த 9 பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். 2013இல் புதுப்பிக்கப்பட்ட அந்தத் தொகுப்பின் முடிவு: மிரட்டப்பட்ட பிள்ளைகள்தான் பிறகு அதிகமாகக் குற்றத்தில் விழுந்தார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலே இதைவிட மேல் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

உங்கள் முகாமின் தினசரி அட்டவணையில் இருக்கும் விடியற்கால ஓட்டம், அதட்டல், ஒருவன் தப்புக்கு எல்லோருக்கும் தண்டனை ஆகியவை ராணுவப் பாணி 'பூட் கேம்ப்' முறையைச் சேர்ந்தவை. 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் இவை பெருகின. 32 ஆய்வுகளைச் சேர்த்து 2005இல் வெளியான தொகுப்பு, இந்த முகாம்களுக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் திரும்பக் குற்றம் செய்வதில் சராசரியாக வித்தியாசமே இல்லை என்றது. 2006 ஜனவரியில் ஃபுளோரிடாவில் அப்படி ஒரு முகாமில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் சேர்ந்த முதல் நாளே, ஓட முடியாமல் நின்றுவிட்டான். காவலர்கள் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். செவிலியர் ஒருவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். மறுநாள் அவன் இறந்துபோனான். அந்த ஆண்டே ஃபுளோரிடா தன் சிறுவர் முகாம்களை மூடியது.

2007இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்லும் தணிக்கை அமைப்பு, தனியார் உறைவிடத் திருத்த மையங்களைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. கொடுமைப் புகார்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 10 பிள்ளைகளின் மரணத்தை அது விரிவாக ஆராய்ந்தது. பயிற்சி இல்லாத ஊழியர்கள், போதாத உணவு, உடம்பு முடியவில்லை என்று பிள்ளை சொன்னபோது 'நடிக்கிறான்' என்று ஒதுக்கியது என்று அதில் வரும் விவரங்களைப் படித்துவிட்டு நான் அன்று இரவு தூங்கவில்லை. 'கண்ணீர் என்பது தந்திரம்' என்று மேடையில் ஒருவர் சொல்ல நாம் கைதட்டியது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. 2024 டிசம்பரில்தான், இப்படிப்பட்ட மையங்களைக் கவனித்து ஆராய்வதற்கென்று அந்த நாட்டில் தேசிய அளவில் ஒரு சட்டம் வந்தது. உலகம் நிரூபித்தது இதைத்தான்.

நம் பள்ளியிலிருந்தே அந்த முகாமுக்குப் போய்த் திரும்பிய ஒரு மாணவனை நீங்கள் எல்லோருக்கும் உதாரணமாகக் காட்டுகிறீர்கள். முன்பு பெஞ்சைத் தட்டிக்கொண்டே இருந்த பையன் இப்போது கைகட்டி உட்கார்ந்திருக்கிறான் என்று சொன்னீர்கள். அவன் தாய் என்னோடு பேசினார். அவன் விளக்கை அணைத்தால் தூங்குவதில்லை. கதவு வேகமாகச் சாத்தும் சத்தம் கேட்டால் எழுந்து விறைப்பாக நிற்கிறான். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் 'நல்லாத்தான் இருந்தது' என்று ஒரே பதில்தான். நீங்கள் பார்த்த அமைதி இதுதான். பயந்து ஒடுங்கிய பிள்ளை வகுப்புக்குத் தொந்தரவு தரமாட்டான் என்பது உண்மை. அவனைத் திருந்தியவனாக எண்ணி உங்கள் கணக்கை முடித்துக்கொள்ள முடியும். அந்தத் தாயால் முடியவில்லை.

இனி உங்கள் சொந்த நடவடிக்கைக்கு வருகிறேன். கடந்த கல்வியாண்டில் என் மகனைத் திரும்பத் திரும்ப இடைநீக்கம் செய்தீர்கள். ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். அவனுக்கு வாசிப்பு என்றால் நடுக்கம். சத்தமாகப் படிக்கச் சொல்லும் நாளில் எதையாவது செய்து வகுப்பைக் கலைப்பான். உடனே வீட்டுக்கு அனுப்புவீர்கள். எதிலிருந்து தப்பிக்க நினைத்தானோ அதிலிருந்து அவனை நீங்களே தப்பவைத்தீர்கள். நானும் அவன் அப்பாவும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், மேற்பார்க்க ஆளில்லாமல், பகல் முழுக்க அவன் தெருவில் இருந்தான். பள்ளிக்கு வெளியே இருக்கும் பெரிய பையன்களோடு அவனுக்குப் பழக்கம் ஏற்பட்டது அந்த நாட்களில்தான். இதை எழுத்தில் உங்களுக்குத் தெரிவித்தேன், பதில் வரவில்லை. தண்டனை என்று நீங்கள் கொடுத்தது அவனுக்கு விடுமுறையாகவும் எங்களுக்குத் தண்டனையாகவும் முடிந்தது.

குழந்தை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போன பிறகுதான் பல விஷயங்கள் விளங்கின. அவனுக்கு ஏடிஎச்டி இருக்கிறது, அதாவது கவனத்தை ஒன்றில் நிறுத்தவும் துறுதுறுப்பை அடக்கவும் முடியாத குறைபாடு. எழுத்துகளைக் கோத்துப் படிப்பதிலும் கடுமையான சிரமம். அதற்கு மேல் மனச்சோர்வு. மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். இந்த வயதில் அது எரிச்சலாக, எடுத்ததற்கெல்லாம் சீறுவதாக வெளிப்படும் என்று மருத்துவர் விளக்கினார். இத்தனை ஆண்டுகளாக அவன் விடைத்தாள்களில் உங்கள் ஆசிரியர்கள் சிவப்பு மையில் எழுதிவந்தது 'கவனமின்மை', 'சோம்பேறித்தனம்'. பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். எழுத்துகள் இடம் மாறுவதைக் காட்டினார். நோய் இருந்தால் தப்பு தப்பில்லாமல் போய்விடுமா என்று கேட்பீர்கள். போகாது. தங்கையின் நெற்றித் தழும்புக்கு அவன்தான் பொறுப்பு. ஆனால் படிக்க முடியாத பிள்ளையை விடியற்காலையில் ஓடவிட்டால் படிக்க வந்துவிடாது.

சரி, முகாம் வேண்டாம் என்றால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லத்தான் வேண்டும். மருத்துவரின் வழிகாட்டலில் நாங்கள் செய்ததை எழுதுகிறேன். இதில் மென்மையானது எதுவும் இல்லை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1960களிலிருந்து இப்படிப்பட்ட குடும்பங்களின் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து, நடப்பதைப் பதிவு செய்தார்கள். அவர்கள் கண்ட சுழல் எங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்தியது. நாங்கள் ஒன்று சொல்வோம், அவன் கத்துவான், நாங்கள் குரலை உயர்த்துவோம், அவன் இன்னும் உயர்த்துவான், கடைசியில் ஒருவர் சலித்து விட்டுவிடுவோம். விட்டது பெற்றோர் என்றால், கத்தினால் காரியம் நடக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறான். அடங்கியது பிள்ளை என்றால், இன்னும் பலமாகக் கத்தினால் அடங்குவான் என்று பெற்றோர் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த சண்டை அந்த உயரத்திலிருந்தே தொடங்குகிறது. இதை உடைக்க வேண்டுமென்றால் பெரியவர்கள்தான் முதலில் சுழலைவிட்டு இறங்க வேண்டும், அதே நேரம் வரம்பையும் விடக் கூடாது.

இதற்கு எங்களுக்கு உதவியது இஸ்ரேலிய உளவியலாளர் ஹைம் ஓமர் வகுத்த ஒரு முறை. காந்தியும் மார்ட்டின் லூதர் கிங்கும் நடத்திய வன்முறையற்ற எதிர்ப்பிலிருந்து அவர் பாடம் எடுத்துக்கொண்டு, கட்டுக்கடங்காத பிள்ளைகளின் பெற்றோருக்கு ஏற்றபடி அமைத்தார். அடிப்பதில்லை, அவமானப்படுத்துவதில்லை, பணிவதுமில்லை.

பல விதிகளை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் சண்டை போடுவதை விட்டோம். மூன்றே விஷயம்: யார் மேலும் கை வைக்கக் கூடாது, அடுத்தவர் பொருளை எடுக்கக் கூடாது, இரவில் சொல்லாமல் போகக் கூடாது. அறை அலங்கோலமாக இருப்பது, தலைமுடி, பேசும் தொனி எல்லாவற்றையும் அப்போதைக்கு விட்டுவிட்டோம். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, அவன் அமைதியாக இருந்த ஒரு நேரத்தில் இருவரும் சேர்ந்து படித்துக் காட்டினோம். அவன் அதைக் கிழித்துப் போட்டான். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை; சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

அடுத்தது வீட்டு ரகசியத்தை உடைத்தது. எனக்கு இதுதான் மிகக் கடினமாக இருந்தது. தாத்தா, சித்தப்பா, என் தோழி ஒருத்தி, அவனுக்குப் பிடித்த பழைய விளையாட்டு ஆசிரியர் ஆகியோரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னோம். அவனைத் திட்டச் சொல்லிக் கேட்கவில்லை. 'நேற்று நடந்தது எனக்குத் தெரியும், அது சரியில்லை, உனக்கு என்ன வேண்டுமானாலும் நான் இருக்கிறேன்' என்று மட்டும் சொல்லச் சொன்னோம். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாயா என்று அவன் குதித்தான். ஆனாலும் அன்றிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் என்ற நிலை மாறியது. அவனுக்கும் பேச ஆட்கள் கிடைத்தார்கள்.

இரவில் காணாமல் போனபோது கதவைச் சாத்திவிட்டுக் காத்திருக்கவில்லை. ஒரு ராத்திரி வெளியே நின்றால் புத்தி வரும் என்று எங்களுக்குச் சொன்னவர்கள் உண்டு. நாங்கள் தேடிப் போனோம். அவன் நண்பர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் செய்தோம், நேரில் போய்க் கதவைத் தட்டினோம், அவர்களின் பெற்றோரிடம் பேசினோம். கண்டுபிடித்தபோது அடித்து இழுத்துவரவில்லை. அவன் அப்பா பக்கத்தில் போய் நின்றுகொள்வார். 'உன்னைக் கூட்டிப்போக வந்தேன்' என்பார். அவன் வரும்வரை அங்கேயே நிற்பார். பையன்கள் முன்னால் அது அவனுக்குப் பெரிய தொல்லை. எந்தத் தண்டனையும் அவனை அவ்வளவு யோசிக்க வைத்ததில்லை என்று பின்னாளில் அவனே சொன்னான்.

உடைந்த கதவை அவன் அப்பாவோடு சேர்ந்து அவனே சரிசெய்ய வேண்டும் என்றோம். செலவில் ஒரு பங்கு அவனுக்குக் கொடுக்கும் கைச்செலவுப் பணத்திலிருந்து போனது. சித்தப்பாவிடம் எடுத்த பணத்தை அவனே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தான். நான் வாசலில் நின்றேன், அவனுக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. கோபம் கொதிக்கும்போது எதையும் தீர்க்கப் பார்ப்பதில்லை, மறுநாள் பேசுவோம் என்று தள்ளிவைத்து, மறுநாள் கட்டாயம் பேசினோம். அந்தக் 'கட்டாயம்' முக்கியம். மறந்துவிட்டார்கள் என்று அவன் நினைக்க ஒரு தடவைகூட இடம் கொடுக்கக் கூடாது. தங்கைமேல் மறுபடியும் கை ஓங்கியபோது வெளியிலிருந்து உதவிக்கு ஆட்களை அழைத்தோம், மகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினோம், அவள் திரும்பி வருவதற்கு அவன் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். பெற்ற மகனைப் பற்றி இன்னொருவருக்குப் போன் செய்து 'வாருங்கள், எங்களால் முடியவில்லை' என்று சொல்வதைவிடக் கண்டிப்பான ஒரு செயல் எனக்குத் தெரியவில்லை.

முதலில் நிலைமை மோசமாகத்தான் ஆனது. அதுவரை பலித்தது பலிக்கவில்லை என்றால் பிள்ளை அதையே இன்னும் வேகமாகச் செய்து பார்ப்பான் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அது தெரியாமல் இருந்திருந்தால் நாங்களும் பாதியில் கைவிட்டு உங்கள் படிவத்தைத் தேடி வந்திருப்போம். பல மாதங்கள் ஆயின. இதற்கிடையில் அவனோடு நல்லதாகச் சில நிமிஷங்களாவது தினமும் இருக்க வேண்டும் என்பதையும் விடவில்லை. திட்டாத, கேள்வி கேட்காத நிமிஷங்கள். நடந்தே போய்வருவார்கள் அப்பாவும் மகனும். பேசாமலே போய்வந்த நாட்களும் உண்டு.

இன்று அவன் குணமாகிவிட்டான் என்று சொல்லமாட்டேன். பொய் சொல்கிறான், கதவை அறைந்து சாத்துகிறான், கணக்குப் புத்தகத்தைத் தொட மறுக்கிறான். ஆனால் இரவில் வீட்டில் இருக்கிறான். தங்கை தன் அறையில் தாழ்ப்பாள் போடாமல் தூங்குகிறாள். உள்ளுக்குள் ஏதோ கொதிக்கும்போது 'கொஞ்ச நேரம் விடுங்கள்' என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போகிறான். இந்த நிலையில்தான் உங்கள் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. நாங்கள் கட்டியதை எல்லாம் பிரித்துப் போடச் சொல்கிறது அது. 'என்ன ஆனாலும் உன்னைத் தேடி வருவோம்' என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். 'அழுதாலும் வரமாட்டோம்' என்று கையெழுத்துக் கேட்கிறீர்கள்.

எல்லாக் குடும்பத்தாலும் இது முடியுமா என்று கேட்கலாம். முடியாது. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டு வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் குடும்பத்தைத் தேடி உதவி வர வேண்டும் என்கிறேன். 1970களின் கடைசியில் அமெரிக்க உளவியலாளர் ஸ்காட் ஹெங்கெலர் உள்ளிட்டவர்கள் தொடங்கிய 'மல்டிசிஸ்டமிக் தெரபி'யில் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார், பள்ளிக்கும் போகிறார், நடுராத்திரியிலும் அழைக்கலாம். மூன்று முதல் ஐந்து மாதம் குடும்பத்தோடு வேலை செய்கிறார். எல்லா இடத்திலும் அது ஒரே மாதிரி பலிக்கவில்லை. இங்கிலாந்தில் நடந்த பெரிய பரிசோதனையில் வழக்கமான உதவியைவிட அது மேலாக நிற்கவில்லை. இருந்தாலும் அதன் திசை சரி: பிள்ளை வாழ வேண்டிய வீட்டையும் பள்ளியையும் வைத்துக்கொண்டே வேலை செய்கிறது. முகாமில் கற்றது முகாமோடு நின்றுவிடும். திரும்பி வருவது இதே வீட்டுக்கும் இதே வகுப்புக்கும்தானே.

தன் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்தாகும் நிலையில் ஒரு பிள்ளையைக் கொஞ்ச காலம் வீட்டுக்கு வெளியே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. அதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். தகுதி பெற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், வெளியாட்கள் சோதிக்கும் இடமாக இருக்க வேண்டும், பெற்றோர் எந்நேரமும் உள்ளே வர முடிய வேண்டும். பெற்றோர் வரக் கூடாது என்பதே ஓர் இடத்தின் முதல் நிபந்தனை என்றால், அங்கே என் பிள்ளையை ஒரு மணி நேரம்கூட விடமாட்டேன்.

ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 28ஆவது பிரிவு, பள்ளி ஒழுங்கு குழந்தையின் மனித மாண்புக்கு ஏற்றபடி நடக்க வேண்டும் என்கிறது. 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. பட்டியலில் உள்ள ஒரு பிள்ளையையாவது கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டீர்களா? என் மகனிடம் யாரும் கேட்கவில்லை. தன் பெயர் பட்டியலில் இருப்பதைச் சக மாணவன் ஒருவன் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை. அந்தச் சுற்றறிக்கையையும் ஒப்புதல் படிவத்தையும் எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். பயத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெற்றோருக்கு அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள். இதன் பேரில் டிசி வாங்கிக்கொண்டு போன பிள்ளை யாராவது இருந்தால் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். 'கட்டுக்கடங்காத மாணவர்கள்' பட்டியலைக் கலைத்துவிடுங்கள். அது மாணவர்கள் கையில் எப்படிப் போனது என்று விசாரியுங்கள். அந்த முகாமோடு பள்ளிக்கு என்ன ஏற்பாடு, ஒரு பிள்ளையை அனுப்புவதால் பள்ளிக்கோ யாருக்காவதோ ஏதேனும் வருகிறதா என்பதைப் பெற்றோருக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். அங்கே போய்வந்த மாணவனை இனி எந்த மேடையிலும் உதாரணமாக நிறுத்தாதீர்கள்; அவன் தாய் சம்மதித்தால் அவனுக்குத் தகுந்த சிகிச்சை கிடைக்கப் பள்ளி உதவ வேண்டும்.

இடைநீக்கத்தை நிறுத்துங்கள். தப்பு செய்த மாணவன் பள்ளிக்குள்ளேயே, ஒரு பெரியவரின் பார்வையில் இருந்து, கெடுத்ததைச் சரிசெய்துவிட்டு வகுப்புக்குத் திரும்ப வேண்டும். ஆசிரியரைத் திட்டியவன் அந்த ஆசிரியரிடமே போய்ப் பேச வேண்டும். என் மகனுக்கும் இதுவே பொருந்தட்டும், விலக்குக் கேட்கவில்லை. திரும்பத் திரும்பத் தடுமாறும் பிள்ளைக்கு வாசிப்புச் சிரமம், கவனச் சிக்கல், மனச்சோர்வு, சக மாணவர் தொல்லை ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் நடவடிக்கை எடுப்போம் என்று விதி எழுதுங்கள். பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரைப் பள்ளியில் நியமியுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும், அவன் நம்பும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக வையுங்கள். அந்த ஆசிரியருக்கு அதற்கான நேரத்தை அட்டவணையிலேயே ஒதுக்குங்கள், அவர் தலையில் கூடுதல் சுமையாக ஏற்றாதீர்கள். எங்களை மாதிரிப் பெற்றோர் மாதம் ஒருமுறை கூடிப் பேச ஒரு வகுப்பறையைத் தாருங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால் உங்கள் பதில் எழுத்தில் வேண்டும். அதுவரை என் மகன் தினமும் பள்ளிக்கு வருவான். அவனை வாசலில் நிறுத்தினால், அவனோடு நாங்களும் நிற்போம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் உள்ள மாணவன் ஒருவனின் தாய்